நாலு துளையும் ஒரு கண்ணாடிக் கதவும்

என் பெயர், கணவர் பெயர், கதவு எண் எல்லாவற்றையும் போலீஸ் அதிகாரி முதல் தாளில் தனியாக எழுதிக்கொண்டுவிட்டார். வயது ஐம்பத்து மூன்று. தொழில், துணி திருத்தித் தைப்பது. வீட்டின் முன் அறையிலேயே மெஷின் போட்டிருக்கிறேன். வீட்டில் என்னைப் பெரியவள் என்றும், என் கணவரின் தம்பி மனைவியை, அதாவது என் ஓரகத்தியை, சின்னவள் என்றும் சொல்வார்கள். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். நேற்று முற்பகல் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஆட்கள் காத்திருக்கும் கூடத்தில், கண்ணாடிக் கதவு உடைந்தது பற்றியும், அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கையில் காயம் பட்டது பற்றியும் நான் கண்டதைச் சொல்ல வந்திருக்கிறேன். கதவை உடைத்ததாக நீங்கள் பிடித்து வைத்திருப்பவர் என் கொழுந்தன், சின்னவளின் கணவர். யாரும் சொல்லிக்கொடுத்து நான் வரவில்லை.

நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மாடியில் அவர்கள், கீழே நாங்கள், சமையலும் குளியலறையும் ஒன்றுதான். என் கணவர் தொலைதூர லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். கொழுந்தன் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கண்ணாடிக் கதவு, ஜன்னல் பொருத்துபவர். அளவெடுக்கும் இரும்பு டேப் எந்நேரமும் அவர் இடுப்பில் தொங்கும், சாப்பிடும்போதுகூட. இந்த அண்ணன் தம்பிகளின் அம்மா, என் மாமியார், வயிற்றில் நோய் வந்து இறந்தவர். ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனார்கள், வயிற்றைத் திறந்தார்கள், எல்லா இடத்திலும் பரவிவிட்டது என்று அப்படியே மூடிவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் வயிற்றைத் திறந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் அண்ணனுக்கும் தம்பிக்கும் முகத்தில் ஈயாடாது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

சின்னவளோடு நான் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. ஆனால் எனக்கு அவள்மேல் பொறாமை உண்டு. இது வழக்குக்குத் தேவையா என்று அதிகாரி கேட்டார். இதை விட்டுவிட்டால் கதவு ஏன் உடைந்தது என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். அதன் பிறகு அவர் எழுதிக்கொண்டார்.

ஏழு வருஷத்துக்கு முன் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டிகள் வந்தன. புற்றுநோய் இல்லை, வெறும் கட்டிகள். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். அன்று என் கணவர் வண்டியில் இருந்தார். "லோடு பாதி வழியில நிக்குது, இறக்கிட்டு வந்துடறேன்" என்றார். நான் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவர் வந்தார். பழப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, "இப்பப் பரவாயில்லையா?" என்று கேட்டார், பரவாயில்லை என்றேன், மறுநாள் காலையில் திரும்ப வண்டி எடுத்துவிட்டார். தொப்புளுக்குக் கீழே நேராக ஒரு தழும்பு இருக்கிறது. தையல்காரியாகச் சொல்கிறேன், அது நல்ல தையல் இல்லை. கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் சுருக்கம் விழுந்திருக்கிறது. அதை இதுவரை பார்த்தவர்கள் டாக்டர், கட்டுப் பிரித்த நர்ஸ், சின்னவள், அவ்வளவு பேர்தான். எனக்கு இருமல் வந்தபோதெல்லாம் ஓடிவந்து வயிற்றில் தலையணையை வைத்து அழுத்திப் பிடித்தவள் அவள்தான். தையல் விட்டுவிடாமல் இருக்க அப்படிப் பிடிக்க வேண்டும். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. நன்றி குடிவந்துவிட்டது என்பதற்காகப் பொறாமை வீட்டைக் காலி செய்து போய்விடவில்லை.

இந்த வருஷம் சின்னவளுக்கு, மாதவிலக்கு நின்று வெகுநாள் ஆன பிறகு, திரும்ப உதிரம் பட்டது. முதலில் என்னிடம்தான் சொன்னாள். சும்மா விடாதே என்று நான்தான் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். சதை எடுத்துப் பரிசோதித்ததில் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் என்று வந்தது. அன்று நான் அழுதது நிஜமான அழுகை. அதன் பிறகு ஸ்கேன் எடுத்தோம், அதன் பிறகு பெரிய டாக்டரம்மாவைப் பார்க்க நாங்கள் மூன்று பேரும் போனோம்.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் வயிறு மாதிரி வரைந்து காட்டினார். "நாலு சின்னத் துளைதான் போடுவோம். தொப்புள் பக்கத்துல கேமரா போகும். முதல்ல உள்ள சுத்திப் பார்ப்போம். கர்ப்பப்பை வாயில பச்சை மருந்து ஊசி போடுவோம். நோய் பரவினா முதல்ல எந்த நெறிக்கட்டிக்குப் போகுமோ, அந்த மருந்தும் அங்கதான் போய்ப் பளிச்சுனு நிக்கும். அத மட்டும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். கர்ப்பப்பை, குழாய், சினைப்பை எல்லாத்தையும் கீழ் வழியாவே எடுத்துருவோம்" என்றார். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அந்தப் பரிசோதனை முடிவு வந்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றும் சொன்னார். அதன் பிறகு இன்னொன்றும் சொன்னார். இவளுக்குக் கட்டிகளும் இருப்பதால் கர்ப்பப்பை பெரிதாக இருக்கிறது, முழுசாக வெளியே வராவிட்டால் உள்ளே வைத்துத் துண்டு போட மாட்டேன், துண்டு போட்டால் நோய் வயிற்றுக்குள் சிதறிவிடும், அப்படி ஆனால் வயிற்றைத் திறந்துதான் எடுப்பேன் என்றார். எனக்கு இது உடனே புரிந்தது. நான் தலையாட்டினேன். சின்னவளும் தலையாட்டினாள். கொழுந்தன் நாலு சின்னத் துளை என்பதற்குப் பிறகு எதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் வாயில் நாலு துளைதான். கண்ணாடிக் கடையில் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார், போனில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். என்னிடமும் வந்து, "உங்களுக்கு அந்தக் காலத்துல பண்ணின மாதிரி இல்ல அண்ணி. மூணாவது நாள் எழுந்து நடப்பா" என்றார். அந்தக் காலமாம். ஏழு வருஷம். அதோடு நிற்காமல், வந்த வேலையை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு, அவள் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வசதியாகக் குளியலறைச் சுவரில் எவர்சில்வர் கைப்பிடி ஒன்று பொருத்தினார். எனக்கு ஆபரேஷன் ஆனபோது அதே குளியலறையில் வெறும் சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டுதான் நான் நின்றேன். அந்தக் கைப்பிடியை இந்த நிமிஷம் வரை நான் தொடவில்லை.

சின்னவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு நாள் என் மெஷின் பக்கத்தில் வந்து நின்று, நான் துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து, போட்டிருந்த நைட்டிமேல் வயிற்றில் நாலு புள்ளி வைத்தாள். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. பட்டன் வைக்கிற இடம் மாதிரி இல்ல அக்கா?" என்று சிரித்தாள். அவள் பயத்தை மறைக்கத்தான் சிரித்தாள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் சிரித்தேன். உள்ளே எனக்கு எரிந்தது.

நேற்றுக் காலை அவளைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். கொழுந்தன் ஸ்ட்ரெச்சரோடு கூடவே நடந்து, கதவு வரைக்கும் அவள் கையை விடவில்லை. அதன் பிறகு நாங்கள் இருவரும் வெளியே உட்கார்ந்தோம். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்துபோய் அந்தக் கண்ணாடிக் கதவைத் தடவிப் பார்த்தார், டேப்பை எடுத்து அளந்தார். "நல்ல கனமான கண்ணாடி அண்ணி. நடுவுல மோதினாத் தாங்கும். ஓரத்துல இரும்பால ஒரு தட்டு தட்டினா மொத்தமும் உதிர்ந்துரும்" என்றார். நான் கண்ணாடி வேலை கற்றுக்கொள்ள வரவில்லை தம்பி, சும்மா உட்காருங்கள் என்றேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கே தட்டினால் கதவு உடையும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அதன் பிறகு அவருக்கு என் கணவரிடமிருந்து போன் வந்தது. சின்னவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காக, வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் பேசினாராம். தம்பி மனைவிக்காக லோடு பாதி வழியில் நிற்கலாம் போலிருக்கிறது. கூடத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று கொழுந்தன் போனோடு கீழே இறங்கிப் போனார். நான் மட்டும் இருந்தேன்.

அப்போது பச்சைத் தொப்பி போட்ட உதவி டாக்டர் ஒருவர் வெளியே வந்து வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். கீழே போயிருக்கிறார், நான் அண்ணி என்றேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "கேமராவுல பார்த்த வரைக்கும் வெளியில எங்கயும் பரவின மாதிரி தெரியல. பச்சை மருந்து போன நெறிக்கட்டிகளை எடுத்தாச்சு. ஆனா கர்ப்பப்பை பெருசா இருக்கு, கீழ் வழியா முழுசா வர மாட்டேங்குது. டாக்டர் முன்னாடியே சொன்ன மாதிரி திறந்து எடுக்கப்போறோம். பயப்பட வேண்டாம், அவர் வந்ததும் சொல்லிருங்க." அவர் என்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல்தான் சொன்னார். இருந்தும் நான், "திறங்க, தாராளமாத் திறங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பரவவில்லை என்று கேட்டதும் என் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. அவளுக்கு ஒன்று ஆக வேண்டும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் அந்தப் பாரம் இறங்கின கையோடு எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. நாலு பட்டன் இல்லை, அவளுக்கும் நீளமாக ஒன்று வரப்போகிறது என்ற சந்தோஷம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அதன் பிறகு கொழுந்தன் இரண்டு காகிதக் கப்பில் டீயோடு வந்தார். எழுந்து கதவோரம் போன என் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, தன்னுடையதை நாற்காலியில் வைத்தார். யாராவது வந்தார்களா என்று கேட்டார். "வயித்தத் திறந்துட்டாங்க" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "திறந்துட்டாங்களா? ஏன் அண்ணி? எல்லா இடமும் பரவிருச்சா? அம்மாவுக்கு ஆன மாதிரி ஆயிருச்சா?" என்று கேட்டார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. பரவவில்லை தம்பி என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. "ஏன், எனக்குத் திறக்கலையா? நான் என்ன செத்தா போயிட்டேன்? இப்ப அவளுக்கும் தெரியட்டும்" என்றேன். சொல்லும்போது சிரித்தேன் என்றும் நினைக்கிறேன்.

அவர் என்னைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு மனுஷியா?" என்றார். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னை நீ என்று சொன்னதில்லை. சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்த இரும்பு டேப்பை உருவிக் கையை ஓங்கினார். ஓங்கியது என் முகத்துக்கு நேராக. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்தக் கை பாதியில் திரும்பி, என் தோளைத் தாண்டிப் போய், பக்கத்திலிருந்த கண்ணாடிக் கதவின் ஓரத்தில் விழுந்தது. ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு கல் உப்பு மூட்டை அவிழ்ந்த மாதிரி மொத்தக் கதவும் கீழே கொட்டியது. நான் அப்போதுதான் கப்பை நழுவவிட்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் மேஜைக்குப் பின்னால் வேலை பார்க்கும் பெண் அப்போதுதான் எழுந்து வந்துகொண்டிருந்தாள். அவள் தலையிலும் சட்டையிலும் கண்ணாடித் துகள் விழுந்தது, மணிக்கட்டில் கீறி ரத்தம் வந்தது. கொழுந்தன் டேப்பைக் கீழே போட்டுவிட்டு அவளிடம் ஓடினார். அடிக்க ஓடியதாக மருத்துவமனைக்காரர்கள் சொல்கிறார்களாம். அது தப்பு. "அசையாதம்மா, கையால தட்டாத, கண்ண மூடிக்க" என்று சொல்லிக்கொண்டே அவள் முடியிலிருந்தும் தோளிலிருந்தும் துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். அது அவருக்குப் பழகின வேலை. காவலாளிகள் வந்து தோளைப் பிடித்து இழுக்கும்போதுகூட அவர் விரலில் ஒரு துகள் இருந்தது.

அவரைப் படி வழியாக இறக்கிக்கொண்டு போனபோதுதான் எனக்கு வாய் வந்தது. பின்னாலேயே ஓடி, "பரவல தம்பி. முழுசா வரல, அதனாலதான் திறந்தாங்க. அவ நல்லா இருக்கா" என்று கத்தினேன். அவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அதன் பிறகு தலையை நிமிர்த்தி, "சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றார். அவரைக் கூட்டிப்போய்விட்டார்கள்.

அதன் பிறகு ஆபரேஷன் முடிந்தது. டாக்டரம்மா வெளியே வந்து, எல்லாவற்றையும் சிதறாமல் முழுசாக எடுத்தாயிற்று என்றும், நெறிக்கட்டிகளின் முடிவு வந்ததும் புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்கார வைத்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார். உடைந்த கதவைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் வார்டில் சின்னவள் கண் விழித்தாள். முதலில் "அவர் எங்க அக்கா?" என்று கேட்டாள். மருந்து வாங்கப் போயிருக்கிறார் என்றேன். அதன் பிறகு, "நாலுதானே?" என்றாள். "ஒண்ணு. நீளமா. என்னுது மாதிரி" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். "நாலு துளையும் போட்டுட்டுத்தானே திறந்திருப்பாங்க? அப்ப எனக்கு அஞ்சு. உங்களுக்கு ஒண்ணுதான்" என்றாள். அந்த நிலைமையிலும் கணக்கில் என்னை ஜெயித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது, சிரிப்பு இருமலாகிவிட்டது. நான் தலையணையை எடுத்து அவள் வயிற்றில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எங்கே பிடிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகும் அவள் அவர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்று காலை நர்ஸ் ஒருத்தி வாய் தவறிச் சொன்னதில் விஷயம் தெரிந்துவிட்டது. "அவர் வராம நான் எந்த முடிவையும் கேக்க மாட்டேன். என்னக்கா நடந்துச்சு?" என்றாள். நான் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக இங்கே வந்தேன்.

வந்த இடத்தில், டீ சிந்தியிருந்தது, கால் வழுக்கிக் கதவில் விழுந்துவிட்டேன் என்று கொழுந்தன் எழுதிக்கொடுத்திருப்பதாக அதிகாரி சொன்னார். அது உண்மை இல்லை. என் கப்புதான் கீழே விழுந்தது, அதுவும் கதவு உடைந்த பிறகு. ஆபரேஷனை மாற்றிவிட்டார்கள் என்ற கோபத்தில் டாக்டர்களைத் தாக்க வந்தார் என்று மருத்துவமனை கொடுத்திருப்பதும் உண்மை இல்லை. அவர் அடித்தது அடித்ததுதான். ஆனால் அந்த அடி என்னை நோக்கி ஓங்கியது, என் வாயால் வந்தது, என்மேல் விழாமல் திரும்பியது. நான் சொன்ன வார்த்தையைக் கேட்டவர் அவர் ஒருவர்தான், அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் வழுக்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் நானே வந்து சொல்ல வேண்டியதாயிற்று. அவரை அவள் பக்கத்தில் போய் இருக்க விடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் கைக்கும் கதவுக்கும் பொறுப்பை என்மேல் வையுங்கள்.

உங்கள்மேல் கை ஓங்கியதற்காக அவர்மேல் புகார் கொடுக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். புகார் எதுவும் இல்லை என்றேன். எனக்கு வயிற்றைத் திறந்த அன்று எனக்காக யாரும் ஒரு டம்ளரைக்கூடப் போட்டு உடைக்கவில்லை. அந்தக் கதவு உதிர்ந்து கிடந்ததைப் பார்த்தபோது, பயத்துக்கும் முன்னால், இதுதான் எனக்குத் தோன்றியது. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நான் சொன்னதை அதிகாரி முதலிலிருந்து கடைசிவரை எனக்குப் படித்துக் காட்டினார். சந்தோஷமாக இருந்தது என்ற இடத்தை எடுத்துவிடலாமே என்றார், இருக்கட்டும் என்றேன். இதில் நடக்காதது எதையும் நான் சேர்க்கவில்லை, நடந்தது எதையும் விடவில்லை என்று அறிந்து கையெழுத்துப் போடுகிறேன். இதை என் கொழுந்தனுக்குப் படித்துக் காட்டலாம். என் கணவர் வந்து கேட்டால் அவருக்கும் காட்டலாம். கேட்டால்.

(கையெழுத்து)
பெரியவள்